எதனால் வகுப்பது: கண்புரை அறுவைசிகிச்சையின் கணக்குகள்

இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கப்பட்டதிலிருந்து, கண் மருத்துவமனைகளின் செயல்பாடு நெடுங்காலம் ஒரே ஓர் எண்ணால்தான் அளக்கப்பட்டு வந்தது. ஓராண்டில் எத்தனை கண்புரை அறுவைசிகிச்சைகள் செய்யப்பட்டன என்பதே அந்த எண். கண்ணுக்குள் இயற்கையாக அமைந்துள்ள லென்ஸ் வயதாக ஆக மங்கி, ஒளியை உள்ளே விடாமல் மறைப்பதைத்தான் கண்புரை என்கிறோம். சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ இது தீராது. மங்கிய லென்ஸை அகற்றுவதே வழி. ஆகவே எத்தனை லென்ஸ்கள் அகற்றப்பட்டன என்று எண்ணுவதில் ஒரு நியாயம் இருந்தது. மாநிலத்துக்கு ஓர் இலக்கு, அதைப் பிரித்து மாவட்டத்துக்கு ஓர் இலக்கு, மாவட்டத்திலிருந்து முகாமுக்கு ஓர் இலக்கு என்று அந்த எண் கீழே இறங்கிற்று. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம் இந்த ஓட்டத்தை விரைவுபடுத்தியது. 1980களில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சமாக இருந்த அறுவைசிகிச்சைகள் 2003 அளவில் சுமார் 39 லட்சமாக உயர்ந்தன. ஒரு வளரும் நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை பெருமைப்படத்தக்க உயர்வுதான் இது.

ஆனால் 2015க்கும் 2019க்கும் இடையே நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பு இதே கதையின் மறுபக்கத்தைப் பதிவு செய்தது. 50 வயதைக் கடந்தவர்களிடையே பார்வையிழப்புக்கான காரணங்களில் 66.2 விழுக்காட்டுடன் கண்புரை முதலிடத்திலும், 8.2 விழுக்காட்டுடன் கருவிழி நோய்கள் இரண்டாம் இடத்திலும் இருந்தன. மூன்றாம் இடத்தில், 7.2 விழுக்காட்டுடன், கண்புரை அறுவைசிகிச்சையின் சிக்கல்கள் இருந்தன. அறுவைசிகிச்சை செய்துகொண்டும் பார்வை பெறாத ஒருவர் மருத்துவமனையின் பதிவேட்டில் ஓர் எண்ணாக, இலக்கை எட்ட உதவிய எண்ணாகவே இருக்கிறார். வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளரின் படிவத்திலோ அவர் பார்வையற்றவர். ஒரே மனிதர் ஒரு கணக்கில் வரவாகவும் மற்றொரு கணக்கில் செலவாகவும் இடம்பெறுகிறார் என்றால், முதல் கணக்கு எதையோ கேட்கத் தவறியிருக்கிறது என்றே பொருள்.

அது தவறவிட்ட கேள்வி முற்காலத்தில் இன்னும் கூர்மையாக இருந்தது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் வழக்கம் பரவுவதற்கு முன், மங்கிய லென்ஸ் அகற்றப்பட்ட கண்ணுக்கு ஏறத்தாழ 10 டயாப்டர் திறனுள்ள தடித்த கண்ணாடி தரப்பட்டது. அது உடைந்தாலோ தொலைந்தாலோ, லென்ஸே இல்லாத அந்தக் கண் மீண்டும் செயலளவில் பார்வையற்றதாகிவிடும். அரசின் பட்டியலில் அதுவும் ஓர் அறுவைசிகிச்சைதான், செயற்கை லென்ஸுடன் தெளிவாகப் பார்க்கும் கண்ணும் ஓர் அறுவைசிகிச்சைதான். அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பு நிறுவனமாக 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பகுதிக்குச் செயற்கை லென்ஸைத் தயாரித்துக் கொடுத்த பிறகே இலவச முகாம்களின் நோயாளிகளுக்கும் அது எட்டியது. பின்னர் சிவகங்கை மாவட்டத்தில் மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு, லென்ஸ் பொருத்தப்பட்ட கண்கள் பொருத்தப்படாதவற்றைவிட நல்ல பார்வையுடன் இருந்ததைக் காட்டியது. இந்த வேறுபாட்டை அறுவைசிகிச்சைகளின் எண்ணிக்கையிலிருந்து எவராலும் ஊகித்திருக்க முடியாது.

எனவே விளைவை அளப்பது அவசியமாயிற்று. கண் மருத்துவத்தில் விளைவு என்பது முதலில் பார்வைத் திறன். அது ஒரு பின்னமாக எழுதப்படுகிறது. 6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டர் தொலைவிலிருந்தே படித்துவிடும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டர் தொலைவுக்கு வந்த பிறகே படிக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் கண்புரை அறுவைசிகிச்சைக்கு வகுத்த அளவுகோல் இந்தப் பின்னத்தின் அடிப்படையிலானது. 6/18 அல்லது அதற்கு மேற்பட்ட பார்வை நல்ல விளைவு. 6/18க்குக் கீழ் 6/60 வரை இடைநிலை. 6/60க்கும் கீழே போனால் மோசமான விளைவு. நோயாளி தம்மிடம் உள்ள கண்ணாடியோடு, அல்லது கண்ணாடி இல்லாவிட்டால் அப்படியே, அன்றாடம் எப்படிப் பார்க்கிறாரோ அந்த நிலையில் குறைந்தது 80 விழுக்காட்டுக் கண்கள் நல்ல விளைவைப் பெற்றிருக்க வேண்டும். பொருத்தமான கண்ணாடி போட்டுச் சோதித்தால் 90 விழுக்காடு தேற வேண்டும். மோசமான விளைவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

இந்த இரண்டு அளவீடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் அளவுகோலின் பயன் இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் கண்ணாடியோடு சோதிக்கும்போது 92 விழுக்காடும் அன்றாடப் பார்வையில் 65 விழுக்காடும் தேறுகின்றன என்று வைத்துக்கொண்டால், அங்கே அறுவைசிகிச்சை நிபுணரின் கையில் குறை இல்லை. பொருத்தப்பட்ட லென்ஸின் பவர் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் வேலை நடக்காமல் போயிருக்கலாம். இரண்டு எண்களும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் தேடல் ஆபரேஷன் தியேட்டருக்குள் செல்ல வேண்டும். மோசமான விளைவு ஒவ்வொன்றையும் நான்கு காரணங்களுள் ஒன்றின் கீழ் குறிப்பது இத்துறையில் வழக்கம்: விழித்திரை நோயோ கிளாக்கோமாவோ போன்ற வேறொரு நோய் ஏற்கெனவே இருந்த கண்ணைத் தேர்ந்தது, அறுவைசிகிச்சையில் நேர்ந்த சிக்கல், கண்ணாடிக் குறை, பின்னாளில் தோன்றிய விளைவுகள், குறிப்பாகப் புதிய லென்ஸுக்குப் பின்னே சவ்வு மீண்டும் மங்குவது. ஒவ்வொரு காரணத்துக்கும் திருத்த வேண்டிய இடம் வேறு, பொறுப்பாளரும் வேறு. காரணம் குறிக்கப்படாத வெறும் விழுக்காட்டைப் பார்த்து நிர்வாகம் கவலைப்படலாமே தவிர எதையும் சரிசெய்ய இயலாது.

இவ்வளவும் நோயாளி திரும்பி வந்தால்தான். கண்புரை அறுவைசிகிச்சையின் விளைவை ஒன்றரை மாதம் கழித்துச் சோதிப்பதே முறை. ஆனால் கிராமத்திலிருந்து முகாம் பேருந்தில் ஏற்றி வரப்பட்டு, அறுவைசிகிச்சை முடிந்து மீண்டும் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்ட முதியவர், துணைக்கு ஒருவரின் ஒருநாள் கூலியையும் இழந்து ஆறாவது வாரத்தில் வருவார் என்று எதிர்பார்ப்பது கடினம். இந்த இடைவெளி கணக்கை எந்த அளவுக்குக் கலைக்கும் என்பதைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் காணலாம். 100 பேருக்கு அறுவைசிகிச்சை நடந்து, 60 பேர் திரும்பி வந்து, அவர்களில் 51 பேருக்கு நல்ல பார்வை இருந்தால் அறிக்கையில் 85 விழுக்காடு என்று எழுதப்படும். உலக அளவுகோலைத் தாண்டிவிட்டதாகவும் கொள்ளப்படும். வராத 40 பேரும் நன்றாகப் பார்க்கிறார்கள் என்றால் உண்மை 91. அவர்களில் ஒருவருக்குக்கூடப் பார்வை வரவில்லை என்றால் 51. நன்றாகத் தெரிகிறது, இனி எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. எதுவும் தெரியவில்லை, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. இந்த இரு வகையினரின் கலவை எப்படிப்பட்டது என்று 60 பேரைச் சோதித்த பதிவேட்டுக்குத் தெரியாது. 85 என்ற எண் 60ஆல் வகுத்ததால் வந்தது. வகுத்திருக்க வேண்டியதோ 100ஆல்.

ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் பத்து நாடுகளில் 40 மையங்களைச் சேர்த்து நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சிக்கலுக்கு நடைமுறை விடை ஒன்றைத் தேடியது. அறுவைசிகிச்சை முடிந்த ஓரிரு நாட்களில், நோயாளி வீடு திரும்பும் முன் எடுக்கப்பட்ட பார்வை அளவைக் கொண்டும், பின்னர் விடாமல் தேடிக் கண்டுபிடித்து எடுக்கப்பட்ட பார்வை அளவைக் கொண்டும் மையங்களைத் தனித்தனியே வரிசைப்படுத்தியபோது, இரண்டு வரிசைகளும் பெரிதும் ஒத்திருந்தன. முதல்நாள் வீக்கமும் மங்கலும் ஒவ்வொரு தனிக் கண்ணின் இறுதி நிலையையும் மறைத்தாலும், மருத்துவமனை என்ற அளவில் கூட்டிப் பார்க்கும்போது தரத்தின் வேறுபாடு தென்படவே செய்கிறது. இதன் பயன் பெரிது: எல்லா நோயாளிகளும் கட்டிலில் இருக்கும்போதே, ஒருவர்கூட விடுபடாமல் அளந்துவிடலாம். ஒரு தனிமனிதரின் பார்வை கடைசியில் எவ்வளவு தேறும் என்பதற்கு இந்த முதல்நாள் எண்ணைச் சான்றாகக் காட்டக் கூடாது. மருத்துவமனை தன்னைத் தானே மாதம்தோறும் ஒப்பிட்டுக்கொள்ள அது போதும்.

பார்வை அளவு ஒவ்வொரு கண்ணிலும் கிடைக்கும் எண். இதற்கு நேர்மாறானது கண்ணின் உட்புறத்தில் பரவும் சீழ்த்தொற்று. அறுவைசிகிச்சைக்குப் பின் சில நாட்களில் கிருமிகள் கண்ணுக்குள் பெருகி, சில வேளைகளில் ஒரு வாரத்துக்குள் பார்வையை முற்றிலும் அழித்துவிடும் இந்தச் சிக்கல் மிக அரிதானது. அரிதானது என்பதே அதைக் கணக்கிடுவதில் உள்ள இடர்ப்பாடு. மதுரையில் 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் பல ஊர்களில் கிளைத்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கண்புரை அறுவைசிகிச்சைகள் செய்யும் அமைப்பாக வளர்ந்தபோது, இந்த இடர்ப்பாட்டைக் கடக்கக்கூடிய அளவுக்குப் பெரிய எண்ணிக்கை அதன் கையில் இருந்தது. அறுவைசிகிச்சை முடியும் தறுவாயில் மாக்ஸிஃபிளாக்ஸசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்ணின் முன்னறைக்குள் செலுத்துவதால் தொற்று குறைகிறதா என்ற கேள்விக்கு, 2014 ஜனவரி முதல் 2016 மே வரையிலான 29 மாதங்களின் பதிவுகளிலிருந்து அங்கு விடை தேடப்பட்டது. மருந்து செலுத்தப்படாத 3,02,815 கண்களில் 214 கண்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. செலுத்தப்பட்ட 3,14,638 கண்களில் 64 கண்களுக்கு. விழுக்காட்டில் சொன்னால் 0.07லிருந்து 0.02.

இந்த வேறுபாட்டைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு விகிதங்களுக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 2,000 அறுவைசிகிச்சைகளுக்கு ஒரு தொற்று. அரவிந்த் போன்ற வேகமான அமைப்பில் ஓர் அறுவைசிகிச்சை நிபுணர் ஓராண்டில் செய்யும் எண்ணிக்கை அந்த அளவில்தான் இருக்கும். அப்படியானால் இந்த மருந்தின் முழுப் பலனும் அவருடைய அனுபவத்தில் ஆண்டுக்கு ஒரு தொற்று குறைந்தது என்ற அளவில்தான் வெளிப்படும். அதையும் நல்வாய்ப்பு என்று அவர் கடந்துபோய்விடக்கூடும். ஆண்டுக்கு 300 அறுவைசிகிச்சைகள் செய்யும் சிறுநகரக் கண் மருத்துவருக்கு அதே பலன் ஏழாண்டுகளில் ஒருமுறை. முப்பதாண்டு அனுபவமும் கூரிய நினைவாற்றலும் உடைய ஒருவர் தம் வாழ்நாளில் கண்டறிந்திருக்க முடியாத உண்மையை, ஒரே வடிவில் நிரப்பப்பட்ட படிவங்களின் குவியல் இரண்டரை ஆண்டுக்குள் சொல்லிவிட்டது. இது குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய பரிசோதனை அன்று. மருத்துவமனைகளில் மருந்து படிப்படியாகப் புகுத்தப்பட்டதைப் பின்னிருந்து நோக்கிய ஆய்வு. ஆகவே அக்காலத்தில் வேறு மாறுதல்களும் பங்களித்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடம் உண்டு. ஆனாலும் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சவ்வு கிழிந்துபோன, தொற்றுக்கு எளிதில் ஆளாகும் கண்களிலும் விகிதம் 0.48லிருந்து 0.21 விழுக்காட்டுக்கு இறங்கியிருப்பது அந்த ஐயத்தின் வலுவைக் குறைக்கிறது.

இதன் எதிர்ப்பக்கம், சிறிய மருத்துவமனைகள் தம் எண்களைப் படிக்கும் முறை. உண்மையான தொற்று விகிதம் 0.07 விழுக்காடாக உள்ள ஒரு மருத்துவமனை ஆண்டுக்கு 1,000 அறுவைசிகிச்சைகள் செய்தால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் தற்செயலாகவே ஒரு தொற்றும் வராது. கடந்த ஆண்டு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்று அறிவிப்பதற்குப் பெருமை சேர்க்கும் பொருள் எதுவும் இல்லை. ஓர் எளிய கணக்கு விதியின்படி, எந்த நிகழ்வும் காணப்படாதபோது உண்மை விகிதம் மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவுவரை இருக்கக்கூடும். ஆயிரத்துக்குப் பூஜ்யம் என்றால் மேல்வரம்பு 0.3 விழுக்காடு, அதாவது அரவிந்தின் பழைய விகிதத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். விளம்பரத் தட்டிகளில் காணப்படும் நூறு விழுக்காடு வெற்றி என்ற வாசகத்தைப் பற்றித் தனியே எதுவும் சொல்லத் தேவையில்லை.

எண்களை நிறுவனத்தின் பெயரில் வைத்திருப்பது எளிது. தனித்தனி அறுவைசிகிச்சை நிபுணரின் பெயரில் வைப்பதே கடினம். பாஸ்டன் நகரின் அறுவைசிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு தொடர்ந்து பார்த்து முடிவைக் குறிக்க வேண்டும், குறை இருந்தால் காரணத்தையும் எழுத வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வற்புறுத்தினார். பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து 1914இல் விலகித் தம் சிறிய மருத்துவமனையிலேயே அதைச் செய்து காட்டிய அவர், 337 நோயாளிகளின் சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரைப் பின்பற்றவில்லை. பெயரோடு எண்ணை இணைத்தால் அது தண்டனைக்குப் பயன்படும் என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று.

ஏனெனில் சிறு எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். பின்சவ்வு கிழிதல் கண்புரை அறுவைசிகிச்சையின் தரத்தைக் காட்டும் முதன்மை அளவீடாக உலகெங்கும் கொள்ளப்படுகிறது. அது கிழிந்தால் விட்ரியஸ் என்னும் கூழ் போன்ற பொருள் முன்னே வந்து, லென்ஸைப் பொருத்துவது சிக்கலாகி, பிற்காலத் தொல்லைகள் கூடும். ஒருவரின் உண்மையான கிழிதல் விகிதம் 2 விழுக்காடு என்றும் ஆண்டுக்கு அவர் 200 அறுவைசிகிச்சைகள் செய்கிறார் என்றும் கொண்டால், சராசரியாக நான்கு எதிர்பார்க்கலாம். ஆனால் ஓராண்டில் ஒன்றும் மறு ஆண்டில் ஏழும் வந்தாலும் அவருடைய கைத்திறன் மாறிவிட்டது என்று கணிதம் ஒப்புக்கொள்ளாது. இதை அறியாத நிர்வாகி முதல் ஆண்டில் பரிசும் மறு ஆண்டில் விளக்கம் கேட்டு ஓலையும் அனுப்புவார். இதற்காகவே பிரிட்டனில் கண் மருத்துவர்களின் ராயல் கல்லூரி நடத்தும் தேசியக் கண்புரைத் தணிக்கையில் புனல் வடிவ வரைபடம் கையாளப்படுகிறது. குறைவான அறுவைசிகிச்சைகள் செய்பவருக்கு அனுமதிக்கப்படும் எல்லை அகலமாகவும், எண்ணிக்கை கூடக்கூடக் குறுகலாகவும் இரண்டு கோடுகள் வரையப்படுகின்றன. அவற்றுக்கு வெளியே விழும் புள்ளி மட்டுமே கேள்விக்குரியது. பயிற்சி மருத்துவர்களுக்கு வேறொரு முறை பொருந்துகிறது: ஒவ்வொரு அறுவைசிகிச்சைக்குப் பிறகும் எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே செல்லும் கோடு, ஆண்டறிக்கைக்குக் காத்திராமல், பிசகு தொடங்கிய சில வாரங்களிலேயே வளையத் தொடங்கும்.

யார் யாரோடு ஒப்பிடப்படுகிறார் என்பது அடுத்த கேள்வி. மதுரை அரவிந்தில் ஓராண்டுக் காலத்தில் நடந்த 79,777 அறுவைசிகிச்சைகளைப் பற்றி 2012இல் வெளியான கட்டுரை இதற்கு நல்ல சான்று. அறுவைசிகிச்சையின்போது நேர்ந்த சிக்கல்கள் நிரந்தர மருத்துவர்களிடம் 0.79 விழுக்காடு, மேற்பயிற்சி பெறுவோரிடம் 1.19, முதுநிலை மாணவர்களிடம் 2.06, வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் 5.00. மொத்தத்துக்கு ஒரே விழுக்காடு கொடுத்திருந்தால் இந்த ஏணி கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இன்னும் ஆழமான செய்தி, முறைகளைப் பிரித்துப் பார்க்கையில் கிடைக்கிறது. ஒலி அதிர்வால் லென்ஸை நொறுக்கி உறிஞ்சும் பேகோ முறையில் பயிற்சியாளர்களின் சிக்கல் விகிதம் 4.80 விழுக்காடு, விலை உயர்ந்த இயந்திரம் தேவைப்படாத, தையலற்ற சிறுகீறல் முறையிலோ அவர்களுடைய விகிதம் 1.46 தான். எந்த முறையை முதலில் கற்பிப்பது, எந்தக் கட்டத்தில் அடுத்ததற்கு மாற்றுவது என்ற பாடத்திட்டக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைப்பது அரிது.

மருத்துவரைப் போலவே கண்ணும் வேறுபடுகிறது. பிரிட்டனில் 55,567 அறுவைசிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில் பின்சவ்வு கிழிதல் தொடர்பான சிக்கல் மொத்தத்தில் 1.92 விழுக்காடாக இருந்தது. ஆனால் கிளாக்கோமா, நீரிழிவால் வரும் விழித்திரை நோய், முற்றிப் பழுப்பாகவோ வெண்மையாகவோ மாறிய புரை, விரியாத கண்மணி, நீண்ட விழிக்கோளம், மல்லாந்து படுக்க இயலாமை, புரஸ்தச் சுரப்பித் தொல்லைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் டாக்ஸசோசின் மாத்திரை ஆகியவை ஒவ்வொன்றும் அந்த வாய்ப்பைக் கூட்டின. முற்றிய புரைகளே மிகுதியாக வரும் ஊரக மருத்துவமனையின் 2 விழுக்காடும், கணினித் திரையில் எழுத்து லேசாக மங்கியதுமே வந்துவிடும் நோயாளிகளைக் கொண்ட பெருநகர மருத்துவமனையின் 2 விழுக்காடும் ஒன்றல்ல. கடினமான கண்களைச் சேர்த்துக் கணக்கிடாத தரவரிசைக்கு ஒரு கொடிய பின்விளைவு உண்டு: எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள, மருத்துவர் கடினமான நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பத் தொடங்குவார். ஒற்றைக் கண் மட்டுமே எஞ்சிய, அதிலும் புரை முற்றிப்போன முதியவரே அப்படித் தட்டிக் கழிக்கப்படுவதற்கு முதலில் ஆளாவார். சிகிச்சையால் அதிகம் பயனடையக் கூடியவரும் அவரே.

லென்ஸின் பவர் கணிப்பு இத்தனை சிக்கலுக்கு உட்பட்டதன்று. அளந்து, எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் போதும். பிரிட்டனில் 2009இல் முன்மொழியப்பட்ட அளவுகோலின்படி, எதிர்பார்த்த பவரிலிருந்து 1 டயாப்டருக்குள் 85 விழுக்காட்டுக் கண்களும் அரை டயாப்டருக்குள் 55 விழுக்காட்டுக் கண்களும் அமைய வேண்டும். கண்ணின் நீளத்தை அளக்கும் கருவியைக் கையாளும் தொழில்நுட்பப் பணியாளரின் கவனத்தை இந்த எண் நேரடியாகக் காட்டிக்கொடுக்கிறது. தியேட்டருக்கு வெளியே மிக மலிவாகத் திருத்தக்கூடிய குறையும் இதுதான்.

மருத்துவ எண்களை விட்டு நிர்வாக எண்களுக்கு வந்தால், நோயாளியின் காத்திருப்பும் கண்ணாடி விற்பனையும் முன்னிற்கின்றன. காத்திருப்பைப் பற்றிய அடிப்படை விதி எளியது: மணிக்கு 60 பேர் வரும் புறநோயாளிகள் பிரிவில் ஒவ்வொருவரும் சராசரியாக 3 மணி நேரம் தங்கினால், எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய 180 பேர் உள்ளே இருப்பார்கள், தங்கும் நேரத்தை 2 மணியாகக் குறைத்தால் 120 பேர். கூடுதல் நாற்காலிகளும் கூடுதல் கூடமும் கேட்கும் நிர்வாகம், எந்த மேசையில் நேரம் தேங்குகிறது என்று, பதிவு, பார்வைச் சோதனை, கண்மணி விரிக்கும் சொட்டு மருந்து, மருத்துவர் என ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்தைக் குறித்து முதலில் பார்ப்பது நல்லது. சொட்டு மருந்து வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. அதைப் பார்வைச் சோதனைக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பதில்தான் மனிதத் தவறு நுழைகிறது.

கண்ணாடி எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அங்கேயே வாங்கினார்கள் என்ற விகிதம் தனியார் மருத்துவமனைகளில் வருமானக் கணக்காகவே பார்க்கப்படுகிறது. அதே எண்ணை வேறு விதமாகவும் படிக்கலாம்: வாங்காமல் போனவர் வேறு கடையில் வாங்கினாரா, வாங்கவே இல்லையா? வாங்கவே இல்லை என்றால் பரிசோதனை வீண். பார்வைக் குறை அப்படியே இருக்கிறது. வருமானக் கணக்கு இந்த இருவரையும் ஒரே இழப்பாகப் பார்க்கிறது. மக்கள் நலக் கணக்கோ இரண்டாமவரை மட்டுமே இழப்பாகக் கொள்கிறது. தேவையில்லாதவருக்கும் கண்ணாடி எழுதினால் முதல் கணக்கு உயரும் என்பதையும் மறந்துவிட முடியாது.

இதுவரை சொன்ன எல்லா எண்களும் மருத்துவமனையின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களைப் பற்றியவை. வாசலுக்கு வெளியே இருப்பவர்களைக் கணக்கில் சேர்த்தபோது, முகாம்களைப் பெருமையோடு நடத்தி வந்தவர்களே திகைக்க நேர்ந்தது. தென்தமிழக ஊரகங்களில் அரவிந்தைச் சேர்ந்தோரும் பங்கேற்று நடத்தி 1999இல் வெளியான ஆய்வு, கண் தொல்லை உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வருகிறார்கள் என்று கண்டது. முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அறுவைசிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை, ஏனெனில் அந்த விகிதங்கள் அனைத்தும் வந்தவர்களாலேயே வகுக்கப்பட்டன. முகாம் என்பது ஒரு நாள் வந்து போவது; கண் தொல்லையோ முகாம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. 2004 முதல் அரவிந்த் நிறுவத் தொடங்கிய பார்வை மையங்கள், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியைச் சோதித்து, மருத்துவமனையிலுள்ள மருத்துவரிடம் இணையம் வழியே காட்டி ஆலோசனை பெற்றுத் தரும் சிறு நிலையங்கள், இந்த எண்ணுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று.

உள்ளிருக்கும் தரத்தையும் வெளியிலிருக்கும் தேவையையும் ஒரே பின்னத்தில் இணைக்கும் அளவீட்டைப் பயன்தரும் அறுவைசிகிச்சைப் பரவல் என்று தமிழில் சொல்லலாம். ஒரு வட்டாரத்தில் கண்புரைக்கு அறுவைசிகிச்சை பெற்றவர்களும் தேவைப்பட்டும் பெறாதவர்களுமாகச் சேர்த்து 100 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 60 பேர் சிகிச்சை பெற்றிருந்தால் பரவல் 60 விழுக்காடு. அந்த 60 பேரில் 42 பேருக்கே நல்ல பார்வை கிடைத்திருந்தால் பயன்தரும் பரவல் 42 விழுக்காடு. நல்ல பார்வைக்கான எல்லையும் இப்போது 6/18லிருந்து 6/12 என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. 2021இல் கூடிய உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் பயன்தரும் பரவலை உலக அளவில் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. 60ஐ உயர்த்தாமல் 42ஐ மட்டும் செப்பனிட்டாலும், தரத்தைக் கவனிக்காமல் 60ஐ மட்டும் பெருக்கினாலும் இந்த இலக்கை எட்ட இயலாது. மருத்துவமனையின் பதிவேடு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் இந்தப் பின்னத்தின் கீழே உள்ள 100ஐத் தராது. அதற்கு 50 வயதைக் கடந்த சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, கையில் பார்வைச் சோதனை அட்டையும் சிறு விளக்குமாக வீடு வீடாகச் சென்று, ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே எண்ணிவர வேண்டியிருக்கிறது.